நான் இப்ப அங்க வரேலாது, பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ மூண்டு தரம் எடுத்தும் நான் போன் தூக்கேல்ல, பயந்திருப்பாய். நான் மேரியில, அதுதான் எங்கட ஊர்க் கவுன்சில் கந்தோரில, இருந்தனான். போனில சொல்ல வெளிக்கிட்டா நீ இடையில "அம்மா, ரொறன்ரோவுக்கு வாங்கோ" எண்டு துவங்கிடுவாய், அதான் எழுதுறன்.

தை மாசம் எங்கட மேயர் வீட்ட வந்தவர். பிரான்சில ஊர்க் கவுன்சில் தேர்தல் சட்டம் மாறிட்டுதாம், 1000 பேருக்குக் குறைஞ்ச ஊருகளிலயும் இனி ஆம்பிளை, பொம்பிளை எண்டு மாறி மாறிப் பேர் போட்ட பட்டியல்தான் குடுக்கோணும், முந்தி மாதிரி சீட்டில பிடிக்காத ஆளின்ர பேரை வெட்டிப்போட்டு பெட்டிக்குள்ள போடேலாது. இஞ்ச 180 சனம், கவுன்சில்ல 11 இடம், பொம்பிளையள் காணாது, நீங்கள் வாங்கோ எண்டு கேட்டார். ஒரு இரவு முழுக்க யோசிச்சிட்டு ஓம் எண்டிட்டன். பங்குனி 15 வோட்டு, ஒரு பட்டியல்தான், எல்லாரும் வந்திட்டம்.

மேயரைச் சனம் நேர தெரிவு செய்யிறேல்ல பிள்ளை, கவுன்சில்தான் செய்யும். அந்த முதல் கூட்டத்துக்குத் தலைமை ஆர் தெரியுமோ, கவுன்சில்ல வயசில மூத்த ஆள். 68 வயசில அது நான். ஒவ்வொருத்தரும் கடதாசியை மடிச்சுப் போட, எண்ணினா 10 எங்கட அந்த மேயருக்கே, ஒண்டு வெறும் கடதாசி. எழும்பி நிண்டு முடிவை நான்தான் வாசிச்சன். கை நடுங்கிச்சுது. 1983 மே மாசம் யாழ்ப்பாணத்தில உள்ளூராட்சித் தேர்தல் நடக்கேக்க எனக்கு 25 வயசு, பகிஷ்கரிக்கச் சொல்லி ஒரு பக்கம், ஆமி மற்றப் பக்கம், நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருந்தம், அனேகமா ஒருத்தரும் போடேல்ல. அதெல்லாம் நினைவு வந்திட்டுது. அப்பா இருந்திருக்கோணும்.

நீ பாரிசில பாத்த மேரி மாதிரி இல்ல இது, ஒரு அறை, ஒரு அலுமாரி, செக்ரட்டரி கிழமைக்கு ரெண்டு காலமைதான், மற்ற நாள் பக்கத்து ஊருகளுக்குப் போயிடுவா. டொக்டரும் பென்சனில போயிட்டார். பள்ளிக்கூடத்தில மிஞ்சியிருக்கிறது ஒரு வகுப்பு, 14 பிள்ளையள், மூண்டு ஊருப் பிள்ளையளைச் சேத்துத்தான் அந்த 14, அதையும் மூடப்போகினமாம். முதலாம் உலகப்போரில செத்தவைக்கு மேரிக்கு முன்னால ஒரு கல்லு நிக்குதெல்லோ, அதில 43 பேர். இப்ப ஊரே 180. அந்தக் கல்லைத் தாண்டி உள்ளுக்க போகேக்க ஒவ்வொரு தரமும் எனக்கு நெஞ்சு அடைக்கும். வகுப்பை மூடாதேங்கோ எண்டு கடிதம் எழுதுற பொறுப்பை நான் கேட்டு எடுத்திருக்கிறன்.

ஆறு வருஷத்துக்குத் தெரிவு செய்திருக்கினம், விட்டிட்டு வரேலாது. நீ ஆடியில வா. பாரிசில ஓஸ்தர்லிட்ஸ் ஸ்ரேசனில ரெயின் ஏறி லா சூத்தரேன்ல இறங்கு, நான் அந்த ஸ்ரேசனில நிப்பன். வரேக்க பாரிசில லாச்சப்பல் தமிழ்க் கடையில கறித்தூள் ரெண்டு பக்கற் வாங்கு, ஒண்டு செக்ரட்டரிக்கு, கேட்டவ.

அம்மா