காட்டைப் பார்க்கும் கருவி ஆளைப் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டுத்தீயையும் காட்டெருமை நடமாட்டத்தையும் இரவு பகலாகத் தாமே கண்காணிக்கும் கருவிகள் சேர்வராயன் மலைக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தீ எச்சரிக்கைக்கு இப்போது பயன்படும் செயற்கைக்கோள் சென்சார்களில் நுட்பமானதுகூட 375 மீட்டர் நீள அகலமுள்ள பரப்பை ஒரே புள்ளியாகத்தான் காண்கிறது. அது ஒருமுறை கடந்து மறுமுறை வருவதற்குள், அடிவாரச் சருகில் பற்றிய நெருப்பு மேட்டை நோக்கி வெகுதூரம் ஏறிவிடும். கோவையை அடுத்த மதுக்கரையில் யானைகள் தண்டவாளத்தை நெருங்குவதை, உடல் வெப்பத்தை உணரும் தெர்மல் கேமராக்கள் கண்டறிந்து எச்சரிக்கும் ஏற்பாடு 2024 முதல் நடைமுறையில் உள்ளது.

அத்தகைய கருவி வேறு எதையெல்லாம் பார்க்கும் என்பதே என் கவலை. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில், விலங்குகளுக்கென வைத்த கேமராக்களும் ட்ரோன்களும் காட்டுக்குள் சென்ற பெண்களைப் படம்பிடித்ததை 2024இல் வெளியான கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு பதிவு செய்தது. விலங்குகள் விலகிப் போகட்டும் என்று பாடிக்கொண்டும் உரக்கப் பேசிக்கொண்டும் செல்லும் அப்பெண்கள், கேமராவுக்குக் கூசி வாயடைத்துப் போனதால் ஆபத்து கூடியது என்கிறது அவ்வாய்வு. இங்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சுள்ளி பொறுக்கவும் கடுக்காய் எடுக்கவும் செல்லும் ஒற்றையடிப் பாதையில்தான் காட்டெருமையும் நடக்கிறது. அதற்கென வைக்கும் கேமராவில் முதலில் விழப்போவது அவர்கள்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிட முடியாது.

படமே எடுக்காத கருவிகளிலிருந்து தொடங்கலாம். புகை, வெப்பம், மண் ஈரம், தடுப்புச்சுவரின் சாய்வு ஆகியவற்றை அளக்கும் சென்சார்களுக்கு யார் முகமும் தெரியாது. அடைமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவது, உண்மையைச் சொன்னால், காட்டெருமையைவிட எங்களுக்குப் பெரிய தொல்லை; சுவர் சில மில்லிமீட்டர் நகரும்போதே தகவல் வந்தால் பேருந்துகளை அடிவாரத்திலேயே நிறுத்திவிடலாம்.

கேமரா தவிர்க்க முடியாத இடங்களில், மனித உருவம் பதிந்த படத்தைக் கருவியே உடனடியாக அழிக்க வேண்டும் என்பதும், எஞ்சிய படங்களை யார், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதும் டெண்டர் நிபந்தனைகளிலேயே இடம்பெற வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், அந்நிபந்தனைகளை வன உரிமைச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அந்தந்த ஊர்க் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் பெறுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காபி விவசாயி ஒருவர்,
ஏற்காடு.