பாடும் கௌபாய்களின் வரிசையில் ஒருவரைக் காணவில்லை

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு வாரியத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையேறிய படங்களைப் பார்த்து வளர்ந்தவன். அந்தத் தொப்பியும் குதிரையும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனபோதுதான் உங்கள் ஊர்ப் பாடும் கௌபாய்களிடம், அதாவது குதிரையேறிச் சண்டையும் போட்டுப் பாட்டும் பாடிய பட நாயகர்களிடம், வந்து சேர்ந்தேன். சினிமா நாயகன் என்றால் பாடத்தான் வேண்டும் என்று நினைக்கும் ஊர்க்காரனுக்கு அவர்களைப் பிடிக்காமல் போகுமா?

ஆண்டுதோறும் 25 படங்களைத் தேர்ந்தெடுத்து தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கிறீர்கள். 2002-இல் ஜீன் ஆட்ரியின் 'மெலடி ராஞ்ச்' சேர்ந்தது. 2009-இல் ராய் ரோஜர்ஸின் 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' சேர்ந்தது. இரண்டும் சரியான தேர்வுகள். ஆட்ரி ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்த டெக்சஸ் பையன். வானொலி, இசைத்தட்டு, சினிமா, தொலைக்காட்சி, மேடை என்று ஐந்து துறைகளுக்கும் ஹாலிவுட் புகழ் நடைபாதையில் பெயர் பொறித்த நட்சத்திரம் பெற்ற ஒரே மனிதர். 1938-இல் அவர் சம்பளத் தகராறில் படப்பிடிப்புக்கு வராமல் போன இடைவெளியில்தான் லெனர்ட் ஸ்லை என்ற பாடகரை ரிபப்ளிக் படநிறுவனம் ராய் ரோஜர்ஸ் என்ற பெயரில் நாயகனாக்கியது. இந்தக் கதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் கேட்க வந்தது மூன்றாவது ஒருவரைப் பற்றி. ஹெர்ப் ஜெஃப்ரீஸ். உங்கள் பதிவேட்டில் அவருடைய கௌபாய் படங்களைத் தேடினேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஜெஃப்ரீஸ் டெட்ராய்ட் நகரத்துக்காரர். மிச்சிகனில் தாத்தாவின் பண்ணையில் குதிரையேறப் பழகியவர். முப்பதுகளின் தொடக்கத்தில் சிகாகோவில் ஏர்ல் ஹைன்ஸின் ஜாஸ் குழுவில் பாடினார். குழுவோடு தெற்கு மாநிலங்களுக்குப் போனபோது, கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கொட்டகைகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து வெள்ளைக்கார கௌபாய்களுக்குக் கைதட்டுகிறவர்களைப் பார்த்தார். கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ குழந்தைகளுக்கும் திரையில் தங்களைப் போன்ற ஒரு வீரன் இல்லை என்பது அவரை உறுத்தியது. அதைப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இத்தனைக்கும் அது திரையில் மட்டும் இருந்த குறை. உண்மையான மேய்ச்சல் நிலத்தில் மாடு ஓட்டியவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஓடும் காளையின் மேல் குதிரையிலிருந்து பாய்ந்து கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் வித்தையைப் புகழ்பெற வைத்த பில் பிக்கெட் கறுப்பினத்தவர்தான். (எங்கள் ஊர் ஜல்லிக்கட்டைப் பார்த்தவனுக்கு அந்த மனிதரின் துணிச்சல் உடனே புரியும்.) நிலத்தில் இருந்தவர்களைத் திரை துடைத்துவிட்டது. ஜெஃப்ரீஸ் அவர்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்.

தயாரிப்பாளர் ஜெட் பியூயெல் (Jed Buell) பணம் போட்டார். 1937-இல் 'ஹார்லெம் ஆன் த ப்ரெய்ரி' வந்தது. அப்புறம் ரிச்சர்ட் கான் இயக்கத்தில் மூன்று படங்கள்: 1938-இல் 'டூ-கன் மேன் ஃப்ரம் ஹார்லெம்', 1939-இல் 'த ப்ரான்ஸ் பக்கரூ', அதே ஆண்டில் 'ஹார்லெம் ரைட்ஸ் த ரேஞ்ச்'. பக்கரூ என்றாலும் கௌபாய்தான்; 'வெண்கல நிறத்துக் கௌபாய்' என்று அந்தப் பெயரைத் தமிழாக்கலாம். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், விக்டர்வில் பக்கத்தில், ஒரு கறுப்பினத் தம்பதி நடத்திய விருந்தினர் பண்ணையில் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள். வேறு விடுதிகளில் தங்க இடம் கிடைக்காதவர்கள் நிம்மதியாக வந்து தங்கிய இடம் அது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் அங்கே வந்து போயிருக்கிறார்.

'த ப்ரான்ஸ் பக்கரூ'வை நான் இணையத்தில்தான் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படம். எங்கள் ஊரில் தேய்ந்த பிரதியைப் பார்த்து 'படம் முழுக்க மழை பெய்கிறது' என்போம். இதிலும் அடைமழை. ஒலி கரகரக்கிறது. அந்த மழைக்குள்ளிருந்து வெள்ளைத் தொப்பியோடு பாப் பிளேக் என்ற நாயகனாக ஜெஃப்ரீஸ் வருகிறார். குதிரையின் பெயர் ஸ்டார்டஸ்க். கூடவே ஃபோர் டோன்ஸ் என்ற நால்வர் பாட்டுக்குழு. நண்பனின் கடிதம் கிடைத்து வந்தால் நண்பனைக் காணவில்லை. அவன் நிலத்துக்கு அடியில் தங்கம் இருக்கிறது, வில்லனுக்கு அது வேண்டும். ஆட்ரி படங்களில் பார்த்த அதே கதைதான். நடுவில் கூட்டாளி டஸ்டி, கோவேறு கழுதை ஒன்று பேசுவதைக் காதால் கேட்டு அசந்துபோய்க் காசு கொடுத்து வாங்குகிறான். விற்றவன் உதடு அசையாமல் குரல் கொடுக்கத் தெரிந்தவன். வாங்கிய பிறகு கழுதை வாயே திறப்பதில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது சிரிப்பு இல்லை. ஜெஃப்ரீஸ் பாடத் தொடங்கியதும் அந்தக் கரகரப்பு காதில் விழாமல் போய்விடுகிறது. ஆட்ரியின் குரல் பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். ஜெஃப்ரீஸுக்கு அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல், ஜாஸ் மேடையில் பதப்பட்டது. கௌபாய் பாட்டை அந்தக் குரலில் கேட்கும்போது அது வேறு பாட்டாகிவிடுகிறது. அடுத்த ஆண்டே, 1940-இல், ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழுவோடு அவர் பாடிய 'ஃப்ளமிங்கோ' பெரிய வெற்றி பெற்றது. உலகம் அவரை அந்தப் பாட்டுக்காக நினைவு வைத்துக்கொண்டது. குதிரையில் வந்தவரை மறந்தது.

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. சில நாள் படப்பிடிப்பில், கைக்காசில் எடுத்த படம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. சில நகைச்சுவைகள் இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. கலப்பு வம்சத்தவரான ஜெஃப்ரீஸ் வெளிர் நிறத்தவர். திரையில் கறுப்பாகத் தெரிவதற்காக மேக்கப் போட்டுக்கொண்டார். வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டு போயிருந்தால் அந்தக் காலத்தில் அவருக்கு எத்தனையோ கதவுகள் திறந்திருக்கும். அவர் கறுப்பின மக்களோடு நின்றார். சிவப்பழகுக் களிம்பு விளம்பரங்களின் நடுவே வளர்ந்த எனக்கு, கருமையைப் பூசிக்கொண்டு நாயகனான ஒருவரைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

உங்கள் சட்டம் சிறந்த படம் எது என்று கேட்கவில்லை. பண்பாட்டிலோ வரலாற்றிலோ அழகியலிலோ முக்கியமான படமா என்றுதான் கேட்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த ஒரு மணி நேரப் படத்துக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது! பிரித்து வைக்கப்பட்ட கொட்டகைகள், அவற்றுக்காகவே எடுக்கப்பட்ட படங்கள், தங்க இடம் கொடுத்த அந்தப் பாலைவனப் பண்ணை, தங்களைப் போன்ற ஒருவர் குதிரையில் வருவதை முதல்முறை பார்த்த பிள்ளைகள்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. ஆட்ரி வசதி உள்ளவராக இருந்தார். தன் படங்களின் உரிமையைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார். தொலைக்காட்சிக்காக வெட்டப்பட்டவை பிறகு முழுதாகச் சீரமைக்கப்பட்டன. லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் தொடங்கிய அருங்காட்சியகம் இன்றும் நிற்கிறது. ஜெஃப்ரீஸின் படங்களுக்கு அப்படி ஒரு காவலாள் இல்லை. பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்துகொண்டே வருகின்றன. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், கிடைப்பதில் நல்ல பிரதியைத் தேடிப் பாதுகாக்க உங்கள் நூலகம் முயற்சி எடுக்கும். வர்ஜீனியாவின் கல்பெப்பர் ஊரில் அதற்கென்றே பெரிய காப்பகம் வைத்திருக்கிறீர்கள். அங்கே ஒரு அலமாரியில் இந்தப் படத்துக்கும் இடம் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அவருக்கு மரியாதை கிடைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எண்பது வயதைக் கடந்து, 1995-இல், கௌபாய் பாடல்களோடு ஒரு இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதற்கு வைத்த பெயரிலும் அந்த வெண்கலக் கௌபாய் இருந்தான். 2004-இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதித்தார்கள். 2014 மே 25 அன்று நூறு வயதில் காலமானார். எலிங்டனோடு பாடியவர் என்ற பெருமை இருந்தும், கடைசிவரை அந்த நான்கு படங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பொதுமக்கள் ஆண்டுக்கு ஐம்பது படங்கள் வரை பரிந்துரைக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒன்றே ஒன்றைத்தான் எழுதியிருக்கிறேன்: 'த ப்ரான்ஸ் பக்கரூ', 1939.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு சினிமா ரசிகன்