தத்தளிப்பது தோல்வி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கடந்த வாரம் வந்த ஆங்கிலச் சொல் பட்டியலைப் பார்த்தேன். ஃபிளாப், ஃபிளங்க், டாங்க், ஃபிளவுண்டர் என நான்கு சொற்கள். நான்குக்கும் எதிரே ‘தோல்வியடைதல்’ என்ற ஒரே பொருள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபிளவுண்டர் என்றால் தோற்பதல்ல. சேற்றிலோ தண்ணீரிலோ கால் பாவாமல் தத்தளிப்பது. மூழ்கியே போவதற்கு ஃபவுண்டர் என்று வேறு சொல் உண்டு. கப்பலில் தண்ணீர் புகுந்து அடியாழத்துக்குப் போவதைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் முதலாமவர் இன்னும் கையைக் காலை அடித்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கரைசேர்க்க முடியும்.

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, கணக்குப் பாடத்தில் அவள் ‘ஃபிளவுண்டர்’ ஆவதாக அறிக்கையில் எழுதியிருந்தார்கள். நானும் ஒரு சொல் பட்டியலைப் பார்த்து ‘தோல்வி’ என்றுதான் புரிந்துகொண்டேன். அன்றிரவு அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். “அம்மா, எனக்கு உதவி வேணும்னுதான் மிஸ் எழுதியிருக்காங்க” என்று அழுதாள். மறுநாள் ஆசிரியையைப் பார்த்தபோது அவரும் அதையே சொன்னார். பின்னக் கணக்கு புரியாமல் பிள்ளை பல வாரங்களாகத் தவித்திருக்கிறாள். அந்த இரவை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மற்ற சொற்களும் ஒன்றல்ல. ஃபிளாப், நம் ‘தொப்’ போல, விழும் ஓசையிலிருந்து பிறந்த சொல். எதிர்பார்ப்போடு வந்து எடுபடாமல் போன நாடகத்துக்கும் படத்துக்கும் பொருந்தும். ஃபிளங்க் பரீட்சைக்கானது, அதுவும் அமெரிக்க வழக்கு. டாங்க் இன்னும் சிக்கல். பங்கு விலைக்குச் சொன்னால் கடும் சரிவு. டென்னிஸ் வீரரைச் சொன்னால் வேண்டுமென்றே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு. அப்புறம், பட்டியலில் இல்லாத ‘பாம்’ (வெடிகுண்டு) என்ற சொல். நாடகம் ‘பாம்’ ஆனது என்று அமெரிக்கர் சொன்னால் படுதோல்வி. ‘பாம்’ போலப் போனது என்று பிரிட்டனில் சொன்னால் அமோக வெற்றி!

நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? சறுக்கினான், கோட்டை விட்டான், மண்ணைக் கவ்வினான், குப்புற விழுந்தான் என்று விழுகிற விதத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோமே.

இடமில்லையென்றால் மற்றவற்றை விடுங்கள். ஃபிளவுண்டருக்கு மட்டுமாவது ‘தத்தளித்தல்’ என்று அடுத்த வாரம் திருத்தம் வெளியிடுங்கள். பட்டியலை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி