அறிவொளித் தொண்டர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். 1991லும் 92லும் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்துக்காகப் பொழுது சாய்ந்ததும் சிலேட்டு, சாக்பீஸ், அரிக்கேன் விளக்கு சகிதம் எங்கள் தெருவுக்கு வந்து, கூலி வேலை முடித்து வீடு திரும்பிய பெண்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். உங்களில் பலருடைய முழுப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. யாராவது 'சார்' என்று கூப்பிட்டால் 'அண்ணேன்னே கூப்பிடுங்க' என்பீர்கள், அதனால் அண்ணன் என்றும் அக்கா என்றுமே மனதில் நின்றுவிட்டீர்கள். முகவரி தெரியாதவர்களுக்குத் தபால் போட முடியாது. அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். உங்களில் ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

முப்பது வருடம் கழித்து என்ன திடீர் நன்றி என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

போன அக்டோபர் 2ஆம் தேதி எங்கள் ஊரில் கிராம சபை நடந்தது. வழக்கமாக அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? பந்தல், நாற்காலி, டீ, வந்தவர்களிடம் பதிவேட்டில் கையெழுத்து, கொஞ்ச நேரத்தில் 'தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன'. எந்தத் தீர்மானம், என்ன வாசகம் என்பதெல்லாம் ஆள் கலைந்தபிறகு எழுதிக்கொள்கிற சங்கதி. இந்தத் தடவை பதிவேடு ஒரு பெரியம்மாவிடம் வந்தது. எழுபதை நெருங்குகிறவர். பேனாவை வாங்கிக்கொண்டார், கையெழுத்து மட்டும் போடவில்லை. 'தீர்மானத்த எழுதி முடிங்க தம்பி, வாசிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்' என்றார். நாங்களே வாசித்துக் காட்டுகிறோம் என்றார்கள். 'இல்ல, நானே வாசிக்கிறேன்.'

நேரம் ஆனது. விரலை வரிக்கு அடியில் வைத்து எழுத்துக்கூட்டி, நடுவில் நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பேத்தியிடம் ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, முழுப் பக்கத்தையும் வாசித்தார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், எழுந்து போகவில்லை. கடைசியில் நிமிர்ந்து, 'காலனிக்குப் போற தண்ணிக் குழாயப் பத்திப் பேசுனோமே, அது இதுல இல்லையே' என்றார். இல்லைதான். எழுதிச் சேர்த்தார்கள். அப்புறம்தான் கையெழுத்து. அவருக்குப் பின்னால் இருந்த நாலைந்து பேரும் வாசித்துவிட்டே போட்டார்கள்.

அந்தப் பெரியம்மா உங்கள் மாணவி. கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். என் அம்மாவும் அவரும் ஒரே சிலேட்டில் எழுதிப் பழகியவர்கள்.

அன்றைக்கு ராத்திரியே இந்த மடலை ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிய பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 1988ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது, 1990ல் கேரளத்தில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது, அடுத்து எங்கள் மாவட்டத்திலும் அறிவொளி ஏற்றினார்கள் என்று. எல்லாம் சரி. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களுக்கும் நன்றி சொல்லியே ஆக வேண்டும், ஒரு மாவட்ட நிர்வாகம் முழுவதையும் இதன் பின்னால் நிறுத்தியது சின்ன காரியம் இல்லை. ஆனால் ஆட்சியர் எங்கள் தெருவுக்குத் தினமும் வர முடியாது, நீங்கள் வந்தீர்கள். சம்பளம் கிடையாது. மழை பெய்தால் யார் வீட்டுத் திண்ணை காலி என்று தேடுவீர்கள். கைக்குழந்தையோடு வருகிறவரின் பிள்ளையை ஒரு அக்கா மடியில் போட்டுக்கொள்வார், இன்னொருவர் பாடம் நடத்துவார். அந்த மடியில் தூங்கிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி என்று அம்மா சொல்லிக் கேள்வி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலத்தெருப் பிள்ளைகளான உங்களில் சிலர் காலனிக்குள் வந்து, பாயில் எங்களோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தீர்கள். அதற்காக உங்கள் வீட்டில் என்ன பேச்சு வாங்கினீர்களோ தெரியாது, எங்களிடம் சொன்னதில்லை. எழுத்து அப்புறம்தான் வந்தது, அந்தத் தண்ணீர் முதலில் உள்ளே போனது என்பார் அம்மா.

புத்தகத்தையும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைப் பாடம் மாதிரி அம்மா, ஆடு என்று ஆரம்பிக்காமல் பட்டா, படி என்று ஆரம்பித்தீர்கள். வளர்ந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்து எழுதிய புத்தகம் அது. ரேஷன் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, பஸ் பலகையில் எந்த ஊர், கூலிச் சீட்டில் எத்தனை நாள் என்று தினப்படி கையில் புழங்குகிற காகிதங்களே பாடமானால் எப்படி மனதில் நிற்காமல் போகும்?

சைக்கிள் கதையை விடக் கூடாது. அறிவொளியில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தீர்கள். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். எங்கள் ஊரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவருக்குத் தனியாக நன்றி, அவர் இப்போது இல்லை, பிள்ளைகள் இதைப் படிக்கட்டும். பொம்பளைகளுக்கு சைக்கிள் எதற்கு என்று கடை வாசலிலேயே நின்று கேட்டவர்களுக்கு அவர் பதிலே சொல்லாமல் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பாராம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டாம் என்பார்களாம், பார் வைத்த சைக்கிள்தான் வசதி, முன்னால் பிள்ளையை உட்காரவைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடம். தாலுகா ஆபீசுக்குப் போக ஒரு ஆண்பிள்ளையின் தயவு தேவையில்லை என்று ஆனது அப்போதுதான். எழுத்தைவிட சைக்கிள்தான் பெரிய விஷயம் என்று அம்மா இன்றும் வாதாடுவார். நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். சைக்கிளில் ஆபீஸ் வரைக்கும் போகலாம், போன இடத்தில் நீட்டுகிற படிவத்தை வாசிக்கத் தெரியாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான்.

அந்தக் காலத்திலேயே கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஜல்லி உடைத்துக் கூலி வாங்கியவர்கள் லாரிக் கணக்கு எழுதினார்கள். நம்மை ஏமாற்ற இனி கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும் என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். பக்கத்து மாநிலத்தில், நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில், இதே மாதிரி எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள்தான் ஊர்ச் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டார்கள். 1992ல் கிளம்பிய அந்தப் போராட்டம் மாவட்டம் தாண்டிப் பரவி, 1993ல் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடையே வந்தது. பெண்கள் தினமும் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்து தங்கள் கஷ்டங்களைப் பேச ஒரு காரணம் கிடைத்தது பாருங்கள், அது அ, ஆவன்னாவுக்குச் சமமான விஷயம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டால் நன்றி மடல் புகழ்ச்சி மடல் ஆகிவிடும். அறிவொளி முடிந்த சில வருடங்களில் எங்கள் தெருவில் நிறையப் பேர் கற்றதை மறந்துவிட்டார்கள். கையெழுத்து மட்டும் நின்றது, வாசிப்பு போய்விட்டது. யாருக்கு நின்றது என்று பார்த்தால், ஊர்க் காரியம் ஏதாவது ஒன்றில் தலையைக் கொடுத்தவர்களுக்குத்தான் நின்றது. மற்றவர்கள் எதை வாசிப்பார்கள்? வீட்டில் வாசிக்க என்ன இருந்தது?

ஆகவே அடுத்த நன்றி மகளிர் குழு ஊக்குநர்களுக்கு. தமிழ்நாட்டில் 1989ல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் பிறகு எங்கள் பக்கமும் வந்தன. எங்கள் குழுவில் ஊக்குநர் அக்கா ஒரு விதி வைத்தார், கூட்டக் குறிப்பை ஒவ்வொரு கூட்டத்திலும் வேறொருவர்தான் எழுத வேண்டும், எழுதியவரே சத்தமாக வாசிக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியம்மா எழுதிய பக்கங்கள் இன்னும் இருக்கின்றன, 'கடன்' என்பதற்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு புது எழுத்து, கூட்டல் மட்டும் எங்கேயும் தப்பவில்லை. அந்த நோட்டு இல்லாவிட்டால் அறிவொளி எங்கள் தெருவில் 95லேயே அணைந்திருக்கும் என்பது என் கருத்து. உங்களில் யாராவது மறுத்தால் சண்டைக்குத் தயார்.

அப்புறம் சட்டம் கைகொடுத்தது. ஊராட்சிகளுக்கான 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்தது, 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996ல் ஊராட்சித் தேர்தல். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றார்கள், 2016ல் அது பாதியானது. தலைவர் ஒருவர், நாற்காலியில் கணவர் என்ற கூத்தும் நடந்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் வாசிக்கத் தெரிந்த வார்டு உறுப்பினர் ஒருவர் மேசையில் இருந்தால் கணவர்களின் சத்தம் கொஞ்சம் குறைகிறது, பார்த்திருக்கிறேன். 2008க்குள் நூறு நாள் வேலை எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. எங்கள் வேலைத்தளத்தில் வருகைப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு தன் பெயருக்கு நேரே உள்ள கட்டங்களை எண்ணிய முதல் ஆள் என் அம்மா. வந்த நாளுக்கும் போட்ட நாளுக்கும் வித்தியாசம் இருந்தது. சத்தம் போடவில்லை, தன் பெயரை மட்டும் பார்க்காமல் பக்கத்துப் பெயர்களையும் வாசித்துச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து பதிவேடு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கல்லின் மேல் விரித்து வைக்கப்பட்டது.

இன்றைய பிள்ளைகளுக்கும் ஒரு நன்றி. எங்கள் ஊர் நூலகக் கட்டடம் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது, உள்ளே ஆடு கட்டியிருந்தார்கள். கல்லூரிக்குப் போகிற நான்கைந்து பேர் சாவியைக் கேட்டு வாங்கி, கூட்டிப் பெருக்கி, சனி, ஞாயிறு திறந்து வைக்கிறார்கள். அதோடு விடவில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கினார்கள். அதிகாரத் தமிழில் இருந்த கணக்கைப் பேச்சுத் தமிழில் மாற்றி நூலக வாசலில் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். தெருவிளக்குக்கு இவ்வளவு, பைப் ரிப்பேருக்கு இவ்வளவு. பெரியவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள், பிறகு பேரன் பேத்திகளைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னார்கள், பிறகு சண்டை போட ஆரம்பித்தார்கள். நல்ல சண்டை. மூவாயிரம் பேருக்கு உட்பட்ட எங்கள் ஊர் போன்ற இடத்தில் கிராம சபைக்கு நூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், முன்பெல்லாம் அந்த நூறு கையெழுத்தை வீடு வீடாகப் போய் வாங்குவார்கள். இந்தத் தடவை பந்தலில் இடம் போதவில்லை.

கணக்கைக் கேட்டபோது முகம் சுளிக்காமல் நகல் எடுத்துக் கொடுத்த ஊராட்சிச் செயலருக்கும் நன்றி. வேலையைத்தானே செய்தார் என்பீர்கள். வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கிறவருக்கு எங்கள் பக்கம் நன்றி சொல்வது வழக்கம் இல்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு உதவி வேண்டும். அறிவொளிப் பாடப் புத்தகம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை, கரையான் தின்றதுபோக மிச்சம் பழைய பேப்பருக்குப் போய்விட்டது. உங்களில் யாரிடமாவது பரணில் கிடந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள், நூலகத்தில் வைக்க வேண்டும், பிள்ளைகள் கேட்கிறார்கள். ஜனவரி 26ல் அடுத்த கிராம சபை. முடிந்தால் வாருங்கள், முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம், நேராகப் பந்தலுக்கே வந்துவிடுங்கள். எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, அதனால் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது, பெரியம்மா விடவும் மாட்டார். பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், டீ உண்டு.

அன்புடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் மகள்