பெயரை எழுதிவிட்டு ஆளை வண்டியில் ஏற்றுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும், உள்ளாட்சி, மின்சாரம், நீர்வளத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆயத்தக் கூட்டங்களில் மணல் மூட்டை, சவுக்குக் கட்டை, மரம் அறுக்கும் மிஷின், ஜெனரேட்டர் எல்லாம் கணக்கில் வருகின்றன. மூட்டை அடுக்குகிறவர், மரம் அறுக்கிறவர் பெயர் எந்தத் தாளிலும் வருவதில்லை. அடிபட்டவர்களுக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் இழப்பீட்டு மனு எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள். முதல் நாள் எழுதாமல் விட்ட ஒரு வரியில்தான் பெரும்பாலான மனுக்கள் தோற்கின்றன.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இத்தகைய நேரத்தில் ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரிக்குக் கீழே ஆட்கள். விபத்து நடந்தால் "அவன் என் ஆளே இல்லை" என்று இருவரும் கைவிரிப்பார்கள். வேலையைக் கொடுத்த துறைதான் முதலில் இழப்பீட்டைக் கட்ட வேண்டும், பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் தொட்டு வரும் விதி. தற்காலிக ஆள் என்ற சாக்கு அந்தச் சட்டத்தின் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போயிற்று. ஆனாலும் அந்த ஆள் அன்று அங்கே வேலையில் இருந்தார் என்று காட்டியாக வேண்டுமே! பெயர், வயது, தினக்கூலி, வேலை, இடம், அனுப்பியவர் கையொப்பம் என ஆறு கட்டம் போட்ட ஒரு தாள் போதும். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் நேரமும் பதிவாகிவிடும்.

கூலிக் கட்டத்தை உண்மையாக நிரப்புங்கள். இறப்புக்கான தொகை, மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்கி வருவது. 30 வயதுக்கு அந்த எண் 207.98. கூலி உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் ஆனது. தினம் 600 ரூபாய் வாங்கியவருக்கு மாதம் 26 நாள் என்று வைத்தால் 15,600 வரும். வரம்புக்கு மேல் போவதால் 15,000-ஐ எடுத்துக்கொண்டால் தொகை 15,59,850. வவுச்சரில் 350 என்று போட்டிருந்தால் மாதம் 9,100, தொகை 9,46,309. ஒரு குடும்பத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல் நஷ்டம். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் இந்தக் கணக்கு முறை மாறவில்லை.

அடுத்த ஓட்டை ஜி.எச்.சில். கம்பத்திலிருந்து விழுந்தவரைக் கூட்டிவருகிறவர் பதற்றத்தில் "கீழே விழுந்துட்டாரு" என்பார். டியூட்டி டாக்டர் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவுப் புத்தகத்தில் அதையே எழுதுவார். எந்த ஊரில், யாருக்காக, என்ன வேலையில் விழுந்தார் என்பது இல்லாத அந்த ஒற்றை வரியை எதிர்த்தரப்பு வக்கீல் விடவே மாட்டார். உடன் போகிற மேற்பார்வையாளர் இந்த மூன்றையும் சொல்லி எழுத வைத்து, ஏ.ஆர். காப்பி வாங்கிவர வேண்டும்.

"குடித்திருந்தார்", "எர்த் ராடு (லைனைத் தரையோடு இணைக்கும் பாதுகாப்புக் கம்பி) போடாமல் ஏறினார்" என்ற வாதங்கள் இறப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் செல்லாது. அழுகிய உடலைத் தூக்க அனுப்பிவிட்டு வாயை முகர்ந்து பார்ப்பது என்ன நியாயமோ தெரியவில்லை. லைன் வேலையில் இன்னொன்று: எங்கோ ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், சுவிட்சை மாற்றாமல் ஓடினால், செத்த லைனில் பின்பக்கமாக மின்சாரம் ஏறும். லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலைக்கு அனுமதி, கொடுத்த நேரத்தையும் எர்த் போட்ட இடங்களையும் எழுதி வைத்திருந்தால் பழி ஆள் மேல் விழாது.

எலிக்காய்ச்சலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாக்கடை நீரில் நின்றவருக்கு அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் முகாம் கலைந்திருக்கும். தொற்று அபாயமுள்ள வேலையில் வந்த தொற்றுநோயும் தொழில் நோய்ப் பட்டியலில் உண்டு. திரும்பிப் போகிற ஒவ்வொருவரிடமும் "ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் வெள்ளத்தில் வேலை பார்த்ததைச் சொல்லு" என்று சொல்லி, வேலை செய்த தேதி போட்ட சீட்டையும் கொடுங்கள்.

பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வரும் 4 லட்சத்தைக் கொடுத்துவிட்டு "எல்லாம் முடிந்தது" என்று கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். அது கருணைத் தொகை, இழப்பீடு வேறு. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் தாள் செல்லாது. இறப்புக்கான இழப்பீட்டை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடாது, தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி, தக்க காரணம் இல்லாவிட்டால் அபராதம் தொகையில் பாதி வரை. குடும்பம் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்பதைத் துக்க வீட்டிலேயே யாராவது சொல்லிவிட்டு வரலாம்.

மீனவர்கள் விஷயம் தனி. வெள்ளத்தில் படகோடு வந்து ஊரைக் காப்பாற்றுகிறவர் யாருடைய ஊழியரும் இல்லை. அதனால் அவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. படகு இறங்கும் முன் ஒரு நாள் வாடகையும் கூலியும் குறித்து வி.ஏ.ஓ. கையொப்பத்தோடு பணி ஆணை கொடுத்தால் அவர் தரப்பில் பேசுவதற்கு ஓர் ஆதாரமாவது இருக்கும். அந்தப் படிவத்தை இந்த அக்டோபருக்குள் அச்சடித்து, கடலோர ஊராட்சிகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையில் இழப்பீட்டு மனு எழுதிக் கொடுப்போர்