20 டெராபைட் என்றால் எத்தனை கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்துத் தொழிலாளர் சங்கமொன்று பழைய செக்ரோல்களையும் (தோட்டத்து வேலை, சம்பளப் பதிவேடுகள்) ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களையும் ஸ்கேன் பண்ணி வைக்க டிஸ்க் பெட்டி ஒன்று வாங்கப் போகிறது. தோட்ட ஒப்பீஸில் கிளாக்கராக இருந்து, பிறகு கணனிப் பராமரிப்புக்கு வந்தவன் நான் என்பதால் கொட்டேஷனை என்னிடம் காட்டினார்கள். முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் ‘20 டெராபைட்’. கமிட்டிக்காரர்கள் அதிலேயே மயங்கிவிட்டார்கள்.

உள்ளே இருப்பது 4 டெராபைட் டிஸ்க் ஐந்து. அதில் ஒன்று ‘ஹாட் ஸ்பேர்’. அதாவது வேறொரு டிஸ்க் பழுதானால் தானாக அந்த இடத்துக்கு வரும், அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மிச்சம் நாலும் ‘ரெய்ட் 5’ முறையில். ரெய்ட் என்றால் பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, பழுது வந்தாலும் தரவு போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அதில் ஒரு டிஸ்க் அளவு இடம் பேரிட்டிக்குப் போய்விடும். நாலு பேர் பறித்த கொழுந்தின் கிலோவும் மொத்தமும் செக்ரோலில் இருக்கிறது, ஒருவரின் கிலோ மட்டும் அழிந்துவிட்டது என்றால் மொத்தத்தில் கழித்துக் கண்டுபிடிக்கலாம் அல்லவா, பேரிட்டியின் வேலை கிட்டத்தட்ட அதுதான். இரண்டு பேரின் கிலோ அழிந்தால் கணக்கு நிற்காது. ஆக, கையில் கிடைப்பது 12 டெராபைட். டிஸ்க் விற்பவர்கள் 1000 ஆல் கணக்குப் பார்க்க, விண்டோஸ் 1024 ஆல் பார்ப்பதால் திரையில் 10.9 என்றுதான் காட்டும். விற்பவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ‘மொத்தக் கொள்ளளவு’ வேறு, ‘பாவிக்கக்கூடிய கொள்ளளவு’ வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க் ஒன்று போனதும் ஹாட் ஸ்பேரில் திரும்ப எழுதும் வேலைக்கு ‘ரீபில்ட்’ என்று பெயர். பெரிய டிஸ்க் என்றால் அது பல மணித்தியாலம், சிலவேளை ஒரு நாளுக்கு மேலும் ஓடும். அந்த நேரத்தில் இன்னொன்று போனால் ரெய்ட் 5 இல் எல்லாம் போச்சு. என்னைக் கேட்டால் சும்மா நிற்கும் அந்த ஐந்தாவது டிஸ்க்கையும் சேர்த்து ‘ரெய்ட் 6’ போடச் சொல்வேன். இடம் அதே 12 தான், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். எழுதும் வேகம் கொஞ்சம் குறையும். ஸ்கேன் பண்ணிய காகிதத்துக்கு வேகம் எதற்கு?

அப்புறம் அந்தக் கொட்டேஷனில் ‘சான்’ என்றும் ‘ஃபைபர் சேனல்’ என்றும் இருந்தது. சான் என்பது சேர்வர்களுக்கு டிஸ்க்கையே துண்டு போட்டுக் கொடுக்கும் தனி வலையமைப்பு. அந்தத் துண்டுக்கு ‘லன்’ என்பார்கள். ஃபைபர் சேனல் அதற்கான வேகமான தனி இணைப்பு. வங்கிக்கு வேண்டும். நாலைந்து கணனி உள்ள ஒப்பீஸுக்குச் சாதாரண நெட்வர்க் வயரில் பைல்களைப் பகிரும் ‘நாஸ்’ தாராளம். அந்தக் காசில், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் நல்ல யூ.பி.எஸ். வாங்கலாம். ஆடிக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் லைன் அறுவது நமக்குப் புதிதில்லை. பெட்டி ‘எழுதிவிட்டேன்’ என்று சொன்ன தரவு அந்த நேரம் இன்னும் ‘கேஷ்’ என்ற தற்காலிக நினைவகத்திலேயே இருக்கக்கூடும், கரண்ட் போனால் அது அழிந்துவிடும். கேஷுக்கு பேட்டரி உண்டா என்றும் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது கடைசி வரியைப் பார்த்துத்தான்: ‘ரெய்ட் இருப்பதால் பேக்கப் தேவையில்லை.’ 1988 இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்ட் பற்றி எழுதியபோது அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை, மலிவான டிஸ்க்குகள் பல சேர்ந்தால் பழுதும் கூடுமே என்பது. யாரோ கைதவறி அழித்த பைலும் வைரஸ் பூட்டிய பைலும் அதில் சேர்த்தியில்லை. அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒன்றாகவே அழியும். ‘ஸ்னாப்ஷாட்’ நேற்றைய நிலையைத் திருப்பித் தரும், சரி. ஆனால் அதுவும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்ததைப் பார்த்த நாம், ஒரு பிரதியையாவது இந்த மலையை விட்டு வேறு ஊரில் வைக்க வேண்டாமா? பிரஜாவுரிமைக்கும் சேமலாப நிதிக்கும் ஒரு துண்டுக் காகிதத்தைத் தேடி அலைந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன், கமிட்டியின் கண்ணெதிரே ஏதாவதொரு பழைய மாதச் செக்ரோலின் ஸ்கேன் பைலை அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கிளாக்கர் ஒருவர்,
கொட்டகலை.