வேலையை விட்ட பிறகும் பரிசோதனை வேண்டும்

ஆசிரியருக்கு,

ஆஸ்பெஸ்டாஸ் தூசி பற்றிய தங்கள் தலையங்கம், பணியில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது. சரி, வேலையை விட்டுப் போனவர்கள்? நுரையீரலுக்குள் போன ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் எளிதில் கரைவதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் (நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது), மீசோதீலியோமா (பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்றுநோய்) போன்ற நோய்கள் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். நோய் தெரியவரும்போது ஆள் பெரும்பாலும் அந்த வேலையிலேயே இருப்பதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு அறுக்கும் வேலையை விட்டு 25 ஆண்டுகள் கழித்துத்தான் என் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள் (சிகரெட்டைத் தொட்டதே இல்லை அவர்). என்ன வேலை பார்த்தீர்கள் என்று முதலில் யாரும் கேட்கவில்லை. இந்தத் தூசியில் உழைத்தவர்களின் பெயர்களை 40 ஆண்டுகளாவது பதிவேட்டில் வைத்து, ஓய்வுக்குப் பிறகும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும். வீட்டில் அவர்கள் உடுப்பை உதறித் துவைத்தவர்களையும் சேர்த்துத்தான்.